நடுவில் கிடந்த தலைத்துணி

ஒரு பெண்ணின் தலைத்துணியை நிலத்திலிருந்து எடுத்துக் கொடுக்கக் குனிந்தபோதுதான் என் தம்பி வெட்டுப்பட்டுச் செத்தான். பாரிசில், லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்த சாப்பாட்டுக்கடை வாசலில் அது நடந்தது. கடைக்குள் சனம் இருந்து தோசை தின்றுகொண்டிருந்த பின்னேரம் அது. வெட்டிய பெடியன் பிடிபட்டான், வழக்கு நடந்தது, அவனுக்குச் சிறையும் கிடைத்தது. அந்த வழக்கில் எங்கள் பக்கத்துச் சாட்சியாக வந்தவளை நான் நீதிமன்றத்து விறாந்தையில் வைத்து அடித்தேன். அவளையும் அந்த அடியையும் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் கோபக்காரி. கண்ணீர் எனக்கு லேசில் வராது, கைதான் முந்தும்.

அவள் எங்கள் குசினிக்குப் பாத்திரம் கழுவ வந்தவள். முதலாளி ஒருநாள் காலையில் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு ரஷ்யாக்காரியைப் பிடித்திருக்கிறேன், நன்றாக வேலை செய்வாள் என்றார். என் வயதுதான் இருக்கும். குடம் சுமந்து உரமேறிய தோள். கறுப்புத் துணியொன்றைத் தலையைச் சுற்றிப் பிடரியில் முடிந்திருந்தாள். முகத்தில் சிரிப்பு என்ற சாமானே இல்லை.

வந்த கிழமையே இரத்தம் பார்த்தோம். மரக்கறி கொண்டுவந்து இறக்குகிற ஒருவன் இருந்தான். ஒடுங்கிய நடையில் பெண்கள் எதிரே வந்தால் இடிக்காமல் போகத் தெரியாதவன். எங்களுக்கெல்லாம் அவனைத் தெரியும். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு விலகிப் போவோம். அவள் விலகவில்லை. பருப்புப் பானையின் மூடியைத் தூக்கி அவன் மூக்கில் ஒன்று வைத்தாள். வெங்காயச் சாக்கு முழுவதும் இரத்தம். முதலாளி அவளை வேலையால் நிற்பாட்டப் போகிறேன் என்று குதித்தார். கொத்துரொட்டித் தகடுகளைக் கீழே வைத்துவிட்டு என் தம்பி, அப்படியென்றால் நானும் போகிறேன் என்று மெதுவாகச் சொன்னான். கொத்துக்காரன் போனால் கடையை மூடவேண்டும். மரக்கறிக்காரன்தான் போனான்.

அவளை ரஷ்யாக்காரி என்று கூப்பிட்டவர்களுக்கும் ஒன்றிரண்டு கரண்டி பறந்தது. அவள் ஊர் கோக்கசஸ் மலையில், தாகெஸ்தான் என்ற பக்கம். அங்கே பள்ளத்தாக்குக்கு ஒரு மொழியாம். அவளுடைய மொழி ஆர்ச்சி. அதை ஒரேயொரு மலையூரும் அதைச் சுற்றியிருக்கிற சின்னச் சின்னக் குடியிருப்புகளும்தான் பேசும். மலையைக் கடந்து அடுத்த ஊருக்குப் போனால் ஒருவருக்கும் விளங்காது. அதனால் பக்கத்து ஊரோடு கதைக்க அவர்களின் மொழியையும், அரசாங்கத்தோடு கதைக்க ரஷ்ய மொழியையும் எல்லாரும் படித்து வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் பருத்தித்துறைக்கு ஒரு பாசை, பக்கத்திலிருக்கிற நெல்லியடிக்கு வேறொரு பாசை என்று நினைத்துப் பாருங்கள். மீன்காரியோடு விலை பேசவே மொழிபெயர்ப்பாளர் வேண்டும். என் தம்பி அதைக் கேட்டுவிட்டு, “அப்ப உங்கடை முழுச் சனமும், எங்கடை தேருக்கு இஞ்சை வாற கூட்டத்திலை ஒரு தெருவுக்குக் காணாது” என்றான். அவள் யோசித்துவிட்டு, ஓம் என்றாள்.

பாரிசில் அவளோடு அந்த மொழி பேச ஒரு நாதியும் இல்லை. மகன் ஸ்ட்ராஸ்பூரில் லொறி ஓடுகிறான். அவள் தன் மொழியில் கேட்டால் அவன் பிரெஞ்சில் பதில் சொல்லுவான், அதுவும் அரைவாசிக்குத்தான். என் மகளும் அப்படித்தான். நான் தமிழில் ஒரு பாட்டம் ஏசி முடிய, வீ மமோ, ஓம் அம்மா, என்று ஒரு சொல்லோடு கதவைச் சாத்துவாள். இரண்டு தாய்மாரும் தொட்டியடியில் நின்று பிள்ளைகளைத் திட்டுவதில்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது. பிரெஞ்சு இரண்டு பேருக்கும் நொண்டி. அதனால் அவள் தமிழைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் பழகியதால் அச்சு அசல் எங்கள் வடமராட்சித் தமிழ். என்னிடம் மரியாதையும் பழகவில்லை. முதலாளியையும் நீ என்றுதான் சொல்லுவாள்.

பதிலுக்கு அவள் மொழியிலிருந்து எங்கள் குசினிக்கு வந்தது ஒரேயொரு சொல். தொடாதே என்பது அதன் பொருள். கொதிக்கிற சட்டியை அடுப்பிலிருந்து இழுத்து வைத்தால் அந்தச் சொல். அவள் தீட்டிய கத்தியை யாராவது எடுக்கப் போனால் அந்தச் சொல். நாக்கைப் பக்கப் பல்லில் ஒட்டி, தொண்டையில் ஒரு முடிச்சுப் போட்டு, அதை வெடுக்கென்று அறுக்க வேண்டும். எழுத்தில் எழுத என்னால் ஏலாது. முதலில் பகிடிக்குச் சொல்லிப் பார்த்தோம், பிறகு அதுவே குசினிப் பாசையாகிவிட்டது. பரிமாற வருகிற தமிழ்நாட்டு மாணவன்கூடச் சுத்தமாகச் சொல்லுவான். என் தம்பியும் சொல்லுவான்.

தட்டுக் கழுவிக்கொண்டே ஊர்க்கதை சொல்லுவாள். ஒரு வீட்டின் கூரைதான் மேல் வீட்டுக்காரருக்கு முற்றமாம், கல்லால் கட்டிய வீடுகள் மலையில் அப்படி ஏறிக்கொண்டே போகுமாம். பனிக்காலத்தில் பாதை மூடினால் ஊரே தனியாகக் கிடக்குமாம். அங்கே செத்த வீட்டுக்கு அழுவதற்கென்று பாட்டு உண்டு, விருந்தாளிக்கென்று தனிப் பாட்டு உண்டு. பழிக்கும் ஒரு முறை உண்டு. ஒருவனைக் கொன்றால் அந்த இரத்தம் காயாது; கொன்றவன் பக்கத்திலிருந்து ஓர் உயிர் போகவேண்டும், இல்லாவிட்டால் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்க்கவேண்டும். பேசித் தீர்க்காத ஒன்றில்தான் அவள் புருஷன் போனான், மேய்ச்சல் நிலத்துக்காக. பதிலுக்குப் புருஷனின் தமையன் ஒருவனைக் குத்தினான். பிறகு அந்தத் தமையனையும் முடித்தார்கள். அடுத்த முறை அவள் மகனுடையது. மகன் கையில் கத்தியைக் கொடு என்று சொந்தக்காரர் சொன்னார்களாம். அவள் பஸ் டிக்கெட்டைக் கொடுத்தாள், தானும் கூட ஏறினாள்.

“எங்கடை ஆக்கள் நல்ல ஆக்கள். பாட்டும் தெரியும், விருந்தும் தெரியும், கொலையும் தெரியும்” என்று முடித்தாள்.

“அப்ப எங்கடை ஆக்கள்தான்” என்றான் என் தம்பி.

அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். சண்டை எப்படித் தொடங்கும் என்று துருவித் துருவிக் கேட்ட எங்களில் ஒருவருக்கும், அதை அங்கே எப்படி நிறுத்துவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் ஆட்களின் சண்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஷெல்லுக்கும் குண்டுக்கும் தப்பி, காடு கடல் எல்லாம் தாண்டி வந்த தகப்பன்மாருக்கு இங்கே பிறந்த பிள்ளைகள். நல்ல சாப்பாடு, நல்ல சப்பாத்து, கையில் போன். காற்சட்டைக்குள் வாள். எனக்கு வயிறு எரியும். புறநகரில், திரான்சியில் ஒரு மண்டபத்தில் வயதுக்கு வந்த பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தது. ஆட்டத்தில் ஒருவனின் புதுச் சப்பாத்தை இன்னொருவன் மிதித்துவிட்டான். அவ்வளவுதான். அடுத்த கிழமை ஓல்னே-சூ-புவாவில் ஒரு காரின் கண்ணாடிகள் போயின. அதற்கடுத்து ஒருவனின் காதில் பாதி போனது. தகப்பன்மார் கோயிலில் கண்டால் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். பெடியள் தெருவில் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு திரிந்தார்கள். அது ஊருலாப் போய்க் கடைசியில் எங்கள் கடை வாசலுக்கு வந்தது.

முதலில் ஒரு பெடியன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தான். மண்டை உடைந்து காதுவழியாக இரத்தம் ஓடியது. பின்னால் அவன் கூட்டாளிகள் இரண்டு பேர். பின்கதவு எங்கை அண்ணை என்று என் தம்பியைக் கேட்டார்கள். பின்கதவுக்கு வெளியே குப்பைத் தொட்டிகளும் பூட்டிய கேற்றும்தான். அது தெரிந்ததும் ஒருவன் வெங்காயம் வெட்டுகிற கத்தியைத் தூக்கினான், மற்றவன் ஒரு போத்தலைச் சுவரில் அடித்து உடைத்தான். முதலாளி மேசைக்குக் கீழே இருந்து பொலிசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவன் கையில் இரும்புக் கம்பி, இன்னொருவன் கையில் வாள். இருபது வயதுகூட இராது. மூக்கடியில் பூனைமயிர்.

என் தம்பி இரண்டு கொத்துத் தகடுகளையும் கல்லில் வைத்தான். கையை ஏப்ரனில் துடைத்தான். வெறுங்கையோடு வாசலுக்குப் போனான். போகாதை என்று கத்தினேன்.

“சின்னப் பெடியள்தானே அக்கா, சொன்னாக் கேப்பாங்கள்” என்றான்.

சொன்னான். தம்பியவை, சாப்பாட்டுக் கடை இது, உள்ளுக்குக் குழந்தைப்பிள்ளையள் இருக்கு என்று, ஏதோ விருந்துக்கு வந்தவர்களை இருக்கச் சொல்வதுபோலத்தான் சொன்னான். கம்பி வைத்திருந்தவன் அவன் தோளில் ஓங்கி ஒன்று போட்டான். அவன் அசையவில்லை. அதற்குள் உள்ளே நின்ற மூன்று பேரும் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் என் தம்பி. ஒருவன் தாயைச் சொல்லி ஏசினான், மற்றவன் திருப்பி ஏசினான். வாள் மேலே எழும்பியது.

அப்போது அவள் என்னைக் கடந்து போனாள். ரப்பர் ஏப்ரன் நனைந்திருந்தது, முழங்கை வரை சவர்க்கார நுரை. எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. கையைத் தலைக்குக் கொண்டுபோனாள். பிறகு அவள் பின்னல் முதுகில் விழுந்தது, அரைவாசி நரைத்த நீளமான பின்னல். இத்தனை காலத்தில் அதை நான் கண்டதே இல்லை. கறுப்புத் துணி இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிலத்தில் கிடந்தது. ஓடிவந்த வேகத்தில் அவிழ்ந்து விழுந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நினைத்தாலும் நின்றுவிட்டார்கள். தாய் வயதுப் பெண் ஒருத்தி வெறுந்தலையோடு, கையைத் தொங்கப் போட்டு, தலையைக் குனிந்து, வாய் திறக்காமல் நடுவில் நிற்கிறாள். என்ன செய்வது என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. கம்பி இறங்கியது. வாள் வைத்திருந்தவனும் இறக்கினான்; நுனி நிலத்தில் முட்டியதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். தெருவில் கார்கள் நின்றிருந்தன. யாரும் கத்தவில்லை. அந்த நேரத்தில் பொலிஸ் வந்திருந்தால், அல்லது ஒருவன் சும்மா திரும்பி நடந்திருந்தால், எல்லாம் முடிந்திருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பக்கத்து மீன்கடைக்காரர் கழுவி ஊற்றிய தண்ணீர் நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்தது. அது துணியை நனைக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டில் பெண்ணின் உடுதுணி காலடியில் கிடந்தால் அதைக் கடந்து போன ஆண்பிள்ளைக்கு அகப்பைக் காம்பால் விழும். அம்மா அப்படி வளர்த்தவர். இத்தனை ஆண்கள் பார்க்க அவள் வெறுந்தலையோடு நிற்பதை என் தம்பியால் பொறுக்க முடியவில்லை.

“அக்கா, உங்கடை துண்டு விழுந்திட்டுது” என்றான். குனிந்தான். துணியை எடுத்தான்.

எங்கள் ஊரில் ஒரு மனிசன் தெருவில் குனிந்தால் நாய் ஓடும். குனிகிறவன் கல்லெடுக்கத்தான் குனிகிறான் என்று நாய்க்கும் தெரியும். வெட்டியவன் பாரிசில் பிறந்தவன், அவன் நாய்க்குக் கல்லெறிந்திருக்க மாட்டான். ஆனால் கல்லு எடுக்கிறார் என்று நினைத்தேன் என்றுதான் பொலிசில் சொன்னான், நீதிமன்றத்திலும் அதையே சொன்னான். வாள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. நான் இறைச்சிக் குற்றிக்குப் பக்கத்தில் வேலை செய்தவள். எலும்பில் படுகிற சத்தம் எது, சதையில் படுகிற சத்தம் எது என்று காதுக்குத் தெரியும். இரண்டும் கேட்டது.

என் தம்பி முகங்குப்புற விழுந்தான். அவள் அவனைப் புரட்டி, அவன் கையிலிருந்த அந்தத் துணியையே பிடுங்கி, சுருட்டிக் காயத்தில் வைத்து, இரண்டு முழங்காலாலும் அமத்தினாள். நான் என்ன செய்தேன்? உள்ளே ஓடி ஒரு கொத்துத் தகட்டை எடுத்துக்கொண்டு வெட்டியவனைத் துரத்தினேன். மெற்றோ பாலத்தடி வரை துரத்தினேன். கையில் கிடைத்திருந்தால் அவனைக் கொத்தியிருப்பேன், அதில் எனக்கு ஒளிவுமறைவு இல்லை. பொலிஸ் வந்து முதலில் மடக்கிப் பிடித்தது என்னைத்தான். நான் நிலத்தில் முகம் நசுங்கிக் கிடந்தபோது அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. என் தம்பி அதற்குள்ளேயே செத்தான். அவன் தலைமாட்டில் நான் இல்லை, அவள் இருந்தாள்.

செத்த வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் கல்லுமாதிரி நின்றேன். சனம் என்னைப் பார்த்துக் குசுகுசுத்தது. அவள் வெறுந்தலையோடு வந்தாள். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் தொடங்கினாள். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருகிற ஒன்று. மற்றப் பெண்கள் அழுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பயந்துபோன பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். செத்தவனிடம் கேள்வி கேட்பதுதான் அவர்களுடைய முறையாம். அடுப்பு எரிகிறதே, யாரை நம்பி விட்டுப் போனாய்? அக்கா வாசலில் நிற்கிறாளே, கதவை ஏன் திறந்து வைத்துவிட்டுப் போனாய்? ஊரில் கிழவிகள் கேட்கக் கேட்டிருக்கிறாள். தன் புருஷனுக்குக்கூட அவள் வாய் திறந்து அழவில்லையாம். என் தம்பிக்கு அழுதாள், என் பங்கையும் சேர்த்து. அன்றைக்கு நான் அவளைக் கூடப்பிறந்தவளாக நினைத்தேன்.

அதற்குப் பிறகு வழக்கு நாள்வரை அவள் தலையை மூடவே இல்லை. துணி பொலிசிடம், சாட்சிப் பொருளாக இருந்தது. வேறொன்று வாங்கித் தரட்டா என்று கேட்டால், இப்ப வேண்டாம் என்பாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வழக்கு இழுபட்டு இழுபட்டு ஒருநாள் வந்தது. அன்றைக்குப் புதுத் துணி கட்டிக்கொண்டு வந்திருந்தாள், கறுப்புத்தான். சாட்சி நிற்கிற கம்பித் தடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். வெறுப்பும் பயமும் இல்லாமல் உண்மையைப் பேசுவேன் என்று சத்தியம் வாங்கினார்கள். கையை உயர்த்தினாள். பிறகு தன் மொழியில் பேசத் தொடங்கினாள்.

நீதிபதி நிறுத்தினார். மொழிபெயர்க்க வந்திருந்த பெண் கையை விரித்தாள். அவள் ரஷ்ய மொழிக்காரி. இது என்ன மொழி என்று நீதிபதி கேட்டார். இவள் ஆர்ச்சி என்று பெயரைச் சொன்னாள். அதற்கு மொழிபெயர்ப்பாளர் இந்த நீதிமன்றத்தில் இல்லை என்றார்கள். பிரான்சிலேயே இருக்கிறாரோ தெரியாது. தான் செய்தது இந்த மொழியில் உள்ள ஒரு காரியம், அதனால் இந்த மொழியில்தான் சொல்லவேண்டும் என்று அவள் நொண்டிப் பிரெஞ்சில் மல்லுக்கட்டினாள். அவளைச் சும்மா நாலைந்து வசனம் பேச விட்டார்கள், மரியாதைக்கு. அந்தப் பெரிய மண்டபத்தில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் அதற்குள் ஒரு சொல் பிடிபட்டது. தொடாதே.

பிறகு ரஷ்ய மொழியில் சொன்னாள், அது பிரெஞ்சில் வந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னாள். கம்பி அடி, வாள், எல்லாம். பெடியனின் வக்கீல் எழும்பினார். உங்கள் தலைத்துணி தவறி விழுந்ததா என்று கேட்டார். இல்லை, நான் போட்டேன் என்றாள்.

நான் கதிரையின் நுனிக்கு வந்தேன்.

விளக்கம் கேட்டார்கள், சொன்னாள். எங்கள் மலையில் இரண்டு ஆண்கள் கத்தியோடு நின்றால் ஒரு பெண் தலைத்துணியைக் கழற்றி நடுவில் போடலாம். போட்டால் சண்டை நிற்கவேண்டும். அதைக் கடந்து அடிக்கிறவன் ஆண்பிள்ளை இல்லை, ஊர் அவனை எண்ணாது. என் புருஷனையும் அவன் எதிரியையும் ஒருதரம் அப்படித்தான் நிறுத்தினேன்; இரண்டாம் தரம் நான் பக்கத்தில் இல்லை. துணி நிலத்தில் கிடக்கும்வரை ஒருவரும் கையைத் தூக்கக்கூடாது. போட்டவளே திரும்ப எடுத்தால் சமாதானம். வேறு ஒருவர் எடுத்தால் அவள் சொல்லை ஏற்கவில்லை என்று அர்த்தம்.

வாளை இறக்கியிருந்தானா என் கட்சிக்காரன் என்று வக்கீல் கேட்டார். இறக்கியிருந்தான் என்றாள். அப்படியென்றால் துணியை எடுத்தது யார்?

அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள், செத்தவன்தான் எடுத்தான் என்று.

வக்கீலுக்கு வாயெல்லாம் பல். சமாதானத்தைக் குலைத்தது என் கட்சிக்காரன் இல்லை, சாட்சியின் வாயாலேயே கேட்டீர்கள் என்று கையை விரித்தார். வெறுங்கையோடு நடுவில் போய் நின்ற என் தம்பி, தோளில் கம்பியடி வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றவன், சண்டையைத் தொடக்கியவனாகிவிட்டான். எந்த மலையின் எந்தச் சட்டமோ அவன் செத்த பிறகு வந்து அவனைக் குற்றவாளியாக்கியது. என் காதுக்குள் இரைந்தது. பிறகு என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இடைவேளை விட்டதும் எழும்பி அவளுக்குப் பின்னால் போனேன்.

விறாந்தையில், அந்தப் பெரிய கல்தூண்களுக்கு நடுவில், அவள் பிடரி முடிச்சைப் பின்னலோடு சேர்த்துப் பிடித்து இழுத்தேன். திரும்பிய முகத்தில் அறைந்தேன். கைப்பைக்குள் இரும்புத் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. பையால் அடித்தேன், வாயில் பட்டது. உதடு பிளந்து நாடிவரை இரத்தம் வந்தது. தூணோடு தள்ளி இன்னும் அடித்தேன். பானை மூடியால் மூக்கை உடைக்கிறவள், கையைத் தூக்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

“ஒரு பொய் சொல்ல ஏலாதோ உனக்கு? விழுந்திட்டுது எண்டு ஒரு சொல்லு. உன்ரை மலைக்கு ஆர் போய்ச் சொல்லப் போறது?”

“சத்தியம் பண்ணினனான்” என்றாள். இரத்தத்தை விழுங்கிக்கொண்டு பேசினாள். “பொய் சொன்னா அந்தத் துணி சும்மா துணி. சும்மா துணிக்கோ உன்ரை தம்பி செத்தவன்?”

நான் மறுபடி கையை ஓங்கினேன்.

“அவனிலை பிழை இல்லை. அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் சட்டிக்குச் சொல்லுற சொல்லு, அண்டைக்கு மட்டும் நான் வாய் திறக்கேல்லை. அங்கை ஒருத்தருக்கும் அதைச் சொல்லத் தேவை இல்லை. இஞ்சையும் அப்பிடி எண்டு நினைச்சன். உள்ளுக்கு இதைத்தான் சொன்னனான். ஒருத்தருக்கும் விளங்கேல்லை.”

ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. இறக்க மனம் வரவில்லை. அவளை அடிக்க வேண்டும்போலவே இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. அவன் குனிந்த முதுகு கண்ணுக்குள் நின்றது. அக்கா என்று அவன் கடைசியாகக் கூப்பிட்டது அவளை, என்னை இல்லை.

அவள் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தாள். துணியை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கல் தரையில் போட்டாள். கையைத் தொங்கப் போட்டு, தலையைக் குனிந்து நின்றாள். நரைத்த பின்னல், பிளந்த உதடு.

மற்றவர்களின் சண்டைக்கு நடுவில்தான் போடலாமா, அடி வாங்குகிறவளே தனக்காகப் போடலாமா என்று எனக்குத் தெரியாது. கேட்பதற்கு இந்த நகரத்தில் ஆளும் இல்லை. அவளைத் தவிர அந்தச் சட்டம் தெரிந்த ஒருவர் அந்த விறாந்தையில் இருந்தாரென்றால் அது நான்தான், அதுவும் ஒரு மணித்தியாலத்துக்கு முன் படித்தது.

சத்தம் கேட்டு வாசலில் நின்ற காவலர் ஓடிவந்தார். நல்ல மனிசன், தலை நரைத்தவர். இரத்தத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், அவள் வெறுந்தலையைப் பார்த்தார், நிலத்தில் கிடந்த துணியைப் பார்த்தார். மதாம், உங்களுடையது விழுந்துவிட்டது என்று பணிவாகச் சொல்லிக்கொண்டு குனிந்தார்.

நான் கத்தினேன். என் வாயிலிருந்து வந்தது தமிழும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. பக்கப் பல்லில் நாக்கை ஒட்டி, தொண்டையில் முடிச்சைப் போட்டு அறுத்த அந்தச் சொல். தூணுக்குத் தூண் அது மோதித் திரும்பி வந்தது. அவர் கையைச் சுட்டவர்போல இழுத்துக்கொண்டார்.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் கையை இறக்கினேன். துணி அங்கேயே கிடந்தது. அவளே குனிந்து அதை எடுக்கும்வரை நான் அசையவில்லை, வேறு ஒருவரையும் கிட்ட விடவும் இல்லை.